இரண்டாவது தாள்

28 மே, செவ்வாய்

மௌனிகாவின் கணினி விளையாட்டு நேற்று வெளியாகிவிட்டது. மௌனிகா என் பழைய மாணவி. கெமிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போனவள். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இன்னும் இரண்டு பேரோடு உட்கார்ந்து இரண்டு வருடமாக இதைச் செய்தாள். கம்பெனியின் பெயரும் 'மூணாம் மாடி'தான். யோசித்து வைத்ததில்லை, கூரியர்காரர் கேட்கும்போது அப்படித்தான் சொல்வார்களாம்.

விளையாட்டின் பெயர் 'முதல் ஷிஃப்ட்'. சாயப்பொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. ஆடுகிறவர்தான் ஆபரேட்டர். காலை ஆறு மணிக்கு வந்து, அரை மணிக்கொரு தடவை ரியாக்டர் கலனின் வெப்பமானியைப் பார்த்து லாக் ஷீட் என்னும் பதிவுத் தாளில் எழுத வேண்டும். வெப்பமானி பழுது, முள் அசையாது. ஏதாவது ஒரு எண்ணைக் கற்பனையாக எழுதலாம். அல்லது 'மீட்டர் ஓடவில்லை' என்று உள்ளதை எழுதலாம். எதை எழுதினாலும் 11.40க்கு ரியாக்டர் வெடிக்கும். துப்பாக்கி இல்லை, பேய் இல்லை. இதை யார் உட்கார்ந்து ஆடுவார்கள் என்று கேட்டேன். "நாப்பது பேரு ஆடுனாப் போதுமுங்க மேடம்" என்றாள்.

தொழிற்சாலை விவரங்கள் நான் கொடுத்தவை. இருபது வருடத்துக்கு முன்னால் அப்படி ஓர் இடத்தில் ஷிஃப்ட் இன்ஜினியராக இருந்தேன். கம்ப்யூட்டர் எழுத்தில் உயிர் இல்லை என்றாள், அதனால் லாக் ஷீட்டுகளைக் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். முடிவும் நான் சொன்னதுதான். வெடிப்புக்குப் பிறகு விசாரணை நடக்கும். விசாரணை மேசையில் ஆடியவர் எழுதிய தாள் இருக்காது. வேறொரு தாள் இருக்கும். சுத்தமாக, எண்களோடு, வெப்பம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஆபரேட்டர் சும்மா இருந்ததாகக் காட்டும் தாள். 'குற்றவாளி நீங்கள்' என்று வந்து திரை அணைந்துவிடும்.

"எப்புடி மேடம் இது தோணுச்சு?" என்று கேட்டாள். ஓர் உத்திதான் என்றேன்.

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரமாட்டான்.

31 மே, வெள்ளி

முப்பத்தோரு பேர் வாங்கியிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் மௌனிகாவின் சொந்தக்காரர்கள். தொட்டிக்காரன் வரவில்லை.

9 ஜூன், ஞாயிறு

காலையில் மௌனிகா போன் செய்தாள். மூச்சு வாங்கினாள். மாடிப்படி ஏறுகிறாளோ என்று நினைத்தேன். பிரேசிலில் ஒரு பெண் நேற்று ஆறு மணி நேரம் தொடர்ச்சியாக 'முதல் ஷிஃப்ட்' ஆடினாளாம். ஆடுவதை ஒளிபரப்புவதுதான் அவள் தொழில். ஏழு தடவை ஆடி, ஏழு தடவையும் 'மீட்டர் ஓடவில்லை' என்றே எழுதியிருக்கிறாள். ஏழு தடவையும் அந்த வேற்றுத் தாள் வந்ததும், கடைசியில் மேசையைத் தட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"இது நான் எழுதலைன்னு கத்தறாங்க மேடம், அவங்க பாஷையில. எனக்கே புரிஞ்சுது."

"மொழிபெயர்ப்பு சரியாக இருக்கிறதா?"

"அதுங்களா இப்ப முக்கியம்!"

பலர் அதை மென்பொருள் பிழை என்று நினைத்துப் புகார் அனுப்புகிறார்களாம். தான் எழுதாததை எழுதியதாகக் காட்டினால் பிழை என்றுதான் நினைப்பார்கள். நியாயமான மனிதர்கள்.

12 ஜூன், புதன்

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர். நான் நம்பவில்லை. எண்ணைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். நான்கு தடவை பார்த்தேன்.

13 ஜூன், வியாழன்

இதையும் எழுதி வைக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் 2004 ஜூலை 14 அன்று ஒரு விபத்து நடந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஆபரேட்டர் மாரப்பன் கவனக்குறைவுக்காக இரண்டு வருடம் சிறையில் இருந்தார். லாக் ஷீட்தான் முக்கியமான சாட்சியம். அது முடிந்துபோன விஷயம். மௌனிகாவுக்கு அதெல்லாம் தெரியாது. அப்போது அவளுக்கு ஆறு வயது.

முடிந்துபோன விஷயம் என்று எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

20 ஜூன், வியாழன்

விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் மூன்றாவது மாடிக்குப் போனேன். லிஃப்ட் கிடையாது. படியெல்லாம் துணிக்கட்டுகள். மேலே மூன்று மேசை, ஒரு மின்விசிறி, யாரோ அனுப்பிய பூங்கொத்து வாளித் தண்ணீரில் நின்றிருந்தது. பத்திரிகைக்காரர்கள் இருவர் போன பிறகுதான் மௌனிகா என்னைப் பார்த்தாள்.

"மேடம், இதப் பாருங்க."

திரையில் இரண்டு லாக் ஷீட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில். மேலே வட்டங்கள், அம்புக்குறிகள், பல மொழிகளில் குறிப்புகள். ஆடுகிறவர்கள் எல்லாரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம்: இரண்டாவது தாளை எழுதியது யார்? விளையாட்டுக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கிறது என்று நினைத்து, அதில் வரும் பெயர்கள், சாவிகள், சுவர்க் கடிகாரத்தின் முள் எல்லாவற்றையும் அலசிக்கொண்டிருக்கிறார்கள்.

"மொதல் தாள்ல, நேரம் போடற எடத்துல, அரை மணிய 9½-ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டாவதுல 9.30. ரெண்டு பேரு எழுதுனதுன்னு கண்டுபுடிச்சுட்டாங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது! வேணும்னே வெச்சீங்களா?"

"ஆமாம்."

"சூப்பருங்க மேடம்."

வேண்டுமென்று வைக்கவில்லை. மாரப்பன் 9½ என்றுதான் எழுதுவார். ஆபரேட்டர் எழுதும் தாள் என்றதும் கை அப்படியே எழுதிவிட்டது.

இறங்கும்போது துணிக்கட்டில் இடித்துக்கொண்டேன். முழங்கால் கன்றியிருக்கிறது.

27 ஜூன், வியாழன்

யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். 2004இல் வந்த ஒரு செய்தித்தாளின் படம். விசாரணையில் காட்டப்பட்ட லாக் ஷீட் அதில் தெளிவாகவே விழுந்திருக்கிறது. அதையும் விளையாட்டின் இரண்டாவது தாளையும் சேர்த்து ஒட்டி வெளியிட்டிருக்கிறார்கள். எண்கள் ஒன்று. எழுத்து ஒன்று. ஏழுக்கு நடுவில் சிறு கோடு, இரண்டிலும்.

அதற்குக் கீழே பெருந்துறையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: 'நான் அந்த ப்ளான்ட்டில் வேலை செய்தேன். மாரப்பண்ணன் ஒருநாளும் 9.30 என்று எழுதமாட்டார். 9½ என்றுதான் எழுதுவார். விளையாட்டில் இருக்கும் முதல் தாள்தான் உண்மையான தாள். இது எப்படி இவர்களுக்குக் கிடைத்தது?'

இதை மட்டும் எண்ணூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

29 ஜூன், சனி

நஞ்சுண்டன் சார் அழைத்தார். அப்போது தொழிற்சாலை மேலாளர்; இப்போது எங்கள் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். எனக்கு இந்த வேலை கிடைக்கப் பரிந்துரை செய்தவரும் அவர்தான். ஒன்பது வருடமாக அவர் என்னோடு பேசியதில்லை.

"என்னம்மா கோகிலா, சௌக்கியமா? பொம்மை வெளையாட்டெல்லாம் எழுதறீங்களாமா?"

"மாணவி ஒருத்தி கேட்டாள், சார்."

"நல்லதுதான். பேரப்பசங்க கூட ஆடறானுங்க. தாத்தா, வெடிக்குது வெடிக்குதுங்கறானுங்க." சிரித்தார். "பேப்பர்ல வந்த படத்தப் பாத்து எழுதுனேன்னு ஒரு வரி சொல்லிருங்க. அதான உண்மை?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அன்னைக்கும் ஒரு தாள்தான் கேட்டேன். இன்னைக்கு ஒரு வரிதான் கேக்கறேன். ரிட்டையர்மென்டுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்குதில்லம்மா?"

இருக்கிறது.

2 ஜூலை, செவ்வாய்

மௌனிகா வீட்டுக்கு வந்தாள். இதுவரை வந்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். காபியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா மேடம்? கோவிச்சுக்கக் கூடாது."

"கேள்."

"அந்தப் படம். அதப் பாத்துத்தான் எழுதுனீங்களா?"

இவ்வளவு சுலபமாகக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பது மாதிரியே கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். "எனக்குத் தெரியுமுங்க மேடம். எங்க ஆளுங்கதான் என்னென்னமோ பேசறானுங்க. எழுதிக் குடுத்துருங்க, போட்டுர்றேன்."

எழுதிக் கொடுத்தேன். 'விளையாட்டில் இடம்பெற்ற இரண்டாவது லாக் ஷீட், பழைய செய்திப் படம் ஒன்றைப் பார்த்து எழுதப்பட்டது.' ஒரே வரி. பொய் சொல்லும்போது என் தமிழ் நன்றாக அமைந்துவிடுகிறது.

காபியைக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

4 ஜூலை, வியாழன்

அமைதி. தொட்டிக்காரன்கூட வந்துவிட்டான். அடியில் ஒரு விரற்கடை சேறு.

6 ஜூலை, சனி

இது எனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. தாளைப் படத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றால், படத்தில் இருப்பது அசல் என்று ஆகிவிடுகிறது. அப்படியானால் மாரப்பன் வெப்பம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தவர். ஆடுகிறவர்கள் அந்த முடிவுக்கு வர மூன்று நாள்கூட ஆகவில்லை.

பெருந்துறைக்காரரைப் பொய்யர் என்று திட்டித் தீர்த்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. மாரப்பன் பவானியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளியாக இருப்பதைக் கண்டுபிடித்து, நான்கு இளைஞர்கள் நேற்று காலை அங்கே போய் வீடியோ எடுத்திருக்கிறார்கள். உள்ளே வரவேற்பு நடக்கிறது. வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டையில், அவர். முடி முழுக்க வெளுத்திருக்கிறது.

"சார், மீட்டர் எவ்வளவு சார் காட்டுச்சு?"

"எந்த மீட்டருங்க தம்பி?"

"ரெண்டு பேரக் கொன்னீங்களே, அந்த மீட்டர்."

கல்யாணத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் தொப்பியைக் கழற்றுகிறார், மறுபடியும் போடுகிறார். மண்டபத்துக்காரர் வெளியே வந்து அவர் தோளில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதோடு வீடியோ முடிகிறது. ஒன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

நானும் பார்த்தேன். பதினொரு தடவை.

7 ஜூலை, ஞாயிறு

பவானிக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. என்னைப் பார்த்தார், தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், உள்ளே போய்விட்டார்.

"வாங்க இன்ஜினியரம்மா" என்றார் மாரப்பன். "உக்காருங்க. ஃபேன் ஓடாதுங்க."

மண்டபத்தில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் செய்தி சொல்வது போலச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையனின் போனில் விளையாட்டைப் பார்த்தாராம்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கறாங்க. சத்தம்தானுங்க தப்பு. வெடிச்சப்போ எனக்குச் சத்தமே கேக்கல. எங்கூட ஷிஃப்ட்டுல இருந்த பழனியாத்தா வாயத் தொறந்து என்னமோ சொல்லுது, அதுவும் கேக்கல."

தாள், என்றேன். அந்தத் தாள்.

"அது உங்க எழுத்துன்னு எனக்குக் கோர்ட்டுலயே தெரியுமுங்க. ஏழுக்கு நடுவுல கோடு போடறது ப்ளான்ட்டுல நீங்க ஒருத்தருதான்."

"சொல்லவில்லையா?"

"சொன்னனுங்க. மூணு தடவ சொன்னேன். யாரும் எழுதிக்கல."

அதில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். கேவலமான கேள்விதான். ஆனால் அவர் யோசித்தார். மகன் பூபதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராம். பதினொரு வருடமாக வீட்டுக்கு வருவதில்லை.

"அப்பன் தூங்கிட்டான், ரெண்டு உசுரு போச்சுன்னு நெனைக்கறான். படிச்சவனுங்க. நான் வாய்ல சொன்னா நம்பமாட்டேங்கறான். எழுத்துல இருந்தா நம்புவான். நீங்க எழுதிக் குடுங்க."

பையில் இருந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். எழுதினேன். '14.7.2004 முதல் ஷிஃப்டின் லாக் ஷீட் விபத்துக்குப் பிறகு மாற்றி எழுதப்பட்டது. வெப்பமானி வேலை செய்யவில்லை என்பது மூன்று நாட்களாக மாரப்பனால் பதிவு செய்யப்பட்டிருந்தது. சனிக்கிழமை பராமரிப்பு ஷட்டவுன் வரை காத்திருக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.'

அவர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க" என்றார். "ஆனா இதுல ஆளே இல்லீங்களேம்மா."

"புரியவில்லை."

"மாத்தி எழுதப்பட்டது. செரி. யாரு எழுதுனாங்க? சொல்லப்பட்டது. யாரு சொன்னாங்க? இதப் படிச்சா பூபதி என்னைத்தான் கேப்பான்."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

இன்னொரு தாளைக் கிழித்தேன். நான் மாற்றி எழுதினேன் என்று எழுதினேன். நஞ்சுண்டன் சொன்னார், நான் எழுதினேன். மீட்டர் ஓடவில்லை என்று மாரப்பன் மூன்று நாள் எழுதினார், என்னிடம் நேரிலும் சொன்னார். காத்திருங்கள் என்று நான் சொன்னேன். அவர் எழுதிய தாளை நான் கிழித்தேன். கடைசி வரியை அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

வாங்கிப் படித்தார். ஒவ்வொரு 'நான்' வந்தபோதும் விரல் கொஞ்சம் நின்றது. கடைசி வரியில் நெடுநேரம் நின்றது.

"கையெழுத்து. தேதி" என்றார்.

போட்டேன். தேதியில் ஏழு இரண்டு தடவை வருகிறது.

சொம்புத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

8 ஜூலை, திங்கள்

அதே வரிகளை மௌனிகாவுக்கு அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து அழைத்தாள்.

"இது என்னங்க மேடம்?"

"உண்மை."

"செவ்வாக்கெழம என்ன குடுத்தீங்க?"

"பொய்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நான் இத ஒரு கதைன்னு நெனச்சு மூணு லட்சம் பேருக்குக் குடுத்திருக்கறேன். எங்கம்மாவ ஆட வெச்சேன். அந்தப் பெரியவரக் கேலி பண்ணுனாங்களே, அது நான் போட்ட வரியாலதானுங்க மேடம். எம் பேருல போட்ட வரி."

"தெரியும்."

"தெரியுமா! தெரிஞ்சு காபி குடுத்தீங்களா?"

பிறகு, செத்தவர்கள் பெயர் என்ன என்று கேட்டாள். பழனியாத்தாள், ரங்கசாமி என்றேன். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"போட்டா திரும்ப எடுக்க முடியாது."

"போடு."

மேடம் என்று சொல்லாமல் வைத்துவிட்டாள்.

9 ஜூலை, செவ்வாய்

கல்லூரியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல்வர் அறையிலிருந்து ஒரு கவர் வந்தது. மறு உத்தரவு வரை விடுப்பில் இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறேனாம். ஆள் இல்லாத வாக்கியம். யார் அறிவுறுத்துகிறார் என்று கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

10 ஜூலை, புதன்

காலையிலிருந்து தெருவில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே இருவர். போனை என் வாசல் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறார்கள். பால்காரர் கேட்டுக்கு வெளியே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். காவல் நிலையத்திலிருந்து பேசினார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள், மரியாதையாகத்தான். நஞ்சுண்டன் சாரின் எண் ஒரு தடவை ஒளிர்ந்து அணைந்தது. அதன் பிறகு ஒளிரவில்லை. அவர் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாததுதான் உறுத்துகிறது.

துணியைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன்.

12 ஜூலை, வெள்ளி

மதியம் ஒன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இல்லை. ஒருவர் தட்டினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. பூபதி என்று படிக்க முடிந்தது. கையில் நான் எழுதிய தாள், நான்காக மடித்தது. திறக்காமல் இருந்திருக்கலாம். கார்க்காரர்கள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திறந்தேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். கதவை அவரே சாத்தினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளைப் பிரித்து மேசையில் வைத்தார், அது மடங்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் கைகள். விரல்கள் அதே மாதிரி தடித்திருந்தன.

"நீங்க எழுதுனதுதானுங்களா?"

"நான் எழுதினதுதான்."

"இத இல்ல. அத."

"அதையும் நான்தான்."

பவானிக்குப் போனாரா, அப்பாவோடு பேசினாரா என்று கேட்க வாய் வந்தது. கேட்க எனக்கு உரிமை இல்லை. அவரும் அதைச் சொல்ல வரவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. போய் அணைக்க நான் நகரவில்லை. நான்காவதும் அடித்தது.

பிறகு தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தாள எழுதறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்க?"

இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது.

"முக்கால் மணி நேரம்" என்றேன். நடுவில் டீ வந்தது, குடித்தேன். அதையும் சொன்னேன்.